ஏழாம் மேசைக்கு வந்த தபால்

ஜனவரி 12

அன்புள்ள அசையாச் சொத்துக்கு,

முறைக்காதீர்கள் அப்பா. அந்தப் பெயரை வைத்தது நானில்லை, அம்மா. பெரியப்பா போன் செய்து, "தம்பி எங்க போனான்? கண்ணாடிக் கடையில ஆளையே காணோமே" என்று கேட்டார். "டிவி தொடர்ல பிணமா படுத்திருக்காரு. இனிமே அவருதான் எங்க வீட்டு அசையாச் சொத்து" என்றாள் அம்மா. பெரியப்பா சிரித்த சிரிப்பில் போன் கரகரத்துவிட்டது. "சும்மா படுத்துக் கிடக்கிறது ஒரு வேலையா? அது நம்ம வீட்ல எல்லாருக்கும் நல்லா வருமே!" என்று வேறு சொன்னார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அம்மா கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

உங்கள் போனைக் கேட்டிலேயே பிடுங்கிவிட்டார்களாமே. கொலையாளி யார் என்று கசிந்துவிடக் கூடாதாம். இந்த சேனலின் முதல் தடயவியல் தொடர், முதல் சீசன், அதனால் அவ்வளவு பொத்திப் பொத்தி எடுக்கிறார்களாம். கடிதம் மட்டும் போகலாம், வரலாம். அதையும் ஒரு உதவி இயக்குநர் கறுப்பு மார்க்கரோடு உட்கார்ந்து படிப்பாராம். கறுப்பு மை அண்ணா, வணக்கம், சாப்பிட்டீர்களா? எங்கள் வீட்டில் ரகசியமே கிடையாது. இருந்தால் கீழ்வீட்டு ஆன்ட்டிக்கு முதலில் தெரிந்திருக்கும்.

பள்ளியில் சொல்லிவிட்டேன். என் வகுப்பில் ஒருத்திக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்திருக்கிறேன், தெரியுமில்லையா, எதைச் சொன்னாலும் "நிஜமாவா?" என்பாளே, அவளிடம்தான். "எங்கப்பா பத்து எபிசோடுலயும் வர்றாரு. கதையே அவரைச் சுத்திதான்" என்றேன். "அப்ப ஹீரோவா?" என்றாள். "அவர் எழுந்து நின்னா கதையே முடிஞ்சிடும்" என்றேன். ஒரு வார்த்தை பொய் உண்டா அதில்?

ஆனால் அப்பா, அந்தக் கடைசிக் காட்சி உறுதிதானே? பத்தாவது எபிசோடில் நீங்கள் உயிரோடு வரும் காட்சி? இருபது வருஷமாக நாடகக் குழுவில் கதவைத் திறந்து, "மன்னா, தூதுவன் வந்திருக்கிறான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறீர்கள். இந்த ஒரு காட்சிக்காகத்தானே கடையில் மூன்று மாத லீவு. எல்லா நடிகர்களும் உயிரைக் கொடுத்து நடிப்பார்கள். நீங்கள் உயிரை விட்டுவிட்டு நடிக்கிறீர்கள். அதைக் கடைசியில் ஒழுங்காகத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உயிருள்ள வாரிசு
(மூலையில் வழக்கம்போல் ஒரு வால் வரைந்திருக்கிறேன். நீங்கள் கூப்பிடும் பெயருக்கு அதுதான் கையெழுத்து.)


ஜனவரி 20

என் வாலுக்கு,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது கறுப்பு மை அண்ணன், "சாப்பிட்டேன்னு பதில் எழுதிடுங்க சார்" என்றார். எழுதிவிட்டேன்.

படப்பிடிப்பு ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கில். நான் படுத்திருக்கும் மேசை எஃகு. நடுவில் லேசான சரிவு, கால்மாட்டில் தண்ணீர் வடிய ஒரு துளை. படுத்தவுடன் முதுகு சில்லிடும், சற்று நேரத்தில் என் சூடு அதில் ஏறிவிடும், பிறகு வியர்க்கும். பிணத்துக்கு வியர்க்கக் கூடாது. அதனால் மேசைக்கு அடியில் ஐஸ் மூட்டை வைக்கிறார்கள்.

மூச்சு ஒரு கலை, வாலு. நெஞ்சால் விடக் கூடாது, அடிவயிற்றால், அதுவும் கேமரா மற்றவர் முகத்துக்குப் போகும்போது. கண்ணை மூடினால் இமை துடிக்கும். மூடிய இமைக்குள்ளேயே பார்வையைக் கால்விரல் பக்கம் இறக்கிவிட்டால் துடிக்காது. நானே கண்டுபிடித்தேன். இரண்டாம் மேசைக்காரருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

மேக்கப் பெண்மணி என் முதுகு முழுக்க ஊதா நிறம் தீட்டுகிறார். மல்லாந்து கிடக்கும் உடம்பில் ரத்தம் முதுகுப் பக்கம் இறங்கித் தேங்கிவிடுமாம். "முதுகைத்தான் யாரும் படம் எடுக்கலையேம்மா, அப்புறம் எதுக்கு?" என்று கேட்டேன். "டாக்டரா நடிக்கிறவங்க உங்களைப் புரட்டிப் பாப்பாங்கல்ல சார்? அவங்க நம்பணும்" என்றார். இருபது வருஷம் மேடையில் நின்ற எனக்கு யாரும் இப்படி ஒரு பதிலைச் சொன்னதில்லை. யாரும் பார்க்காத முதுகோடு அன்று முழுக்கப் பெருமையாகப் படுத்திருந்தேன்.

கதை உனக்குத் தெரியும். மழையில் சாலையோரம் கிடந்த, அடையாளம் தெரியாத ஆள் நான். டாக்டரம்மா வாரம் ஒரு வழக்கை முடிக்கிறாள், ஏழாம் மேசையை மட்டும் முடிக்க முடியவில்லை. என் சட்டைப்பையில் ▇▇▇▇▇▇ இருக்கிறது, அதை வைத்துத்தான் கடைசியில் ▇▇▇▇▇▇▇. அப்போதுதான் நான் உயிரோடு இருந்த ஒரு சாயங்காலத்தைக் காட்டுவார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு. வசனம் கிடையாது. நான் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஊர் அழ வேண்டும் என்கிறார் இயக்குநர்.

பெரியப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. மூச்சு விடாமல் இருப்பது என் வேலைதான், இந்த ஒரு விஷயத்தில் நீயும் செய்.

அப்பா


ஜனவரி 27

மாண்புமிகு கட்டைவிரலுக்கு,

முதல் எபிசோடு பார்த்தோம். நம் ஹாலில் பதினான்கு பேர். சோபா, நாற்காலி, கவிழ்த்துப் போட்ட வாளி எல்லாம் நிரம்பிவிட்டது. பெரியப்பா முன்வரிசையில். நீங்கள் வந்தீர்கள். அதாவது, உங்கள் வலது காலின் கட்டைவிரல் வந்தது. அதில் ஒரு சீட்டு, சீட்டில் ஏழு. மீதி எல்லாம் வெள்ளைத் துணி. மற்ற நடிகர்கள் முதல் படத்தில் தலைகாட்டுவார்கள். நீங்கள் கால்காட்டினீர்கள்.

"அதோ எங்கப்பா!" என்று கத்திவிட்டேன். அந்த நகம் ஓரத்தில் பிளந்திருக்குமே, அலமாரி விழுந்து, அது எனக்குத் தெரியாதா? எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா, "ஏம்மா, இந்த விரல்கிட்ட ஆட்டோகிராஃப் வாங்கலாமா?" என்றார். நான் விடவில்லை. "வாங்கலாம் பெரியப்பா, ஆனா வரிசையில நிக்கணும்" என்றேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் பக்கமா, அவர் பக்கமா என்று தெரியவில்லை.

இன்னொரு செய்தி. உங்கள் கலையை நானும் பயின்றேன். சனிக்கிழமை அம்மா வெளியே போயிருந்தாள். முகத்தில் பவுடர், உதட்டில் ஊதா ஸ்கெட்ச், கால் கட்டைவிரலில் நூல் கட்டி ஒரு சீட்டு, ஹால் நடுவில் மல்லாந்து படுத்தேன். கதவைத் திறந்தே வைத்தேன். இமைக்குள் பார்வையைக் காலுக்கு இறக்கினேன். அப்பா, நிஜமாகவே துடிக்கவில்லை!

கீழ்வீட்டு ஆன்ட்டி பால் பாக்கெட் கொடுக்க வந்தார். வாசலில் நின்றார். பால் பாக்கெட் பறந்தது. "ஐயோ பாப்பா!" என்று ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தவர் கண்ணில் சீட்டுப் பட்டது. நீங்கள் விற்ற கண்ணாடிதானே போட்டிருக்கிறார், எழுத்து நன்றாகத் தெரிந்திருக்கிறது. சத்தமாகப் படித்தார்: "மரணத்துக்குக் காரணம்: கணக்குப் பரீட்சை." எனக்கு வயிறு குலுங்கிவிட்டது. "எழுந்திருடி கழுதை!" என்று முதுகில் ஒன்று வைத்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, "மூட்டு வலின்னு மூணு மாசமா நொண்டிக்கிட்டு இருந்தேன். இப்ப வாசல்லருந்து ஒரே தாவு தாவிட்டேன் பாரு" என்று அவரும் சிரித்தார். பால் மட்டும் கூரை வரை போயிருந்தது.

அம்மா வந்து, "உயிரை வாங்காதடி" என்றாள். "எனக்கு இருக்கும்மா, அப்பாவுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றேன். மறுபடி கிள்ளல்.

இப்படிக்கு,
கணக்கால் காலமானவள்


பிப்ரவரி 6

வாலு,

இதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

நேற்று ஆறாவது எபிசோடின் முக்கியமான காட்சி. டாக்டரம்மாவாக நடிக்கும் அம்மையார் தனியாக என் பக்கத்தில் நின்று பேச வேண்டும். நீண்ட வசனம், நடுவில் வெட்டே இல்லை. அவர் காலையிலிருந்து யாரோடும் பேசாமல் அதற்காக மனதைத் தயார் செய்துகொண்டிருந்தார். ஆரம்பித்தார். "உனக்கும் ஒரு வீடு இருக்கும். யாரோ கதவைத் திறந்து வெச்சுக் காத்திருப்பாங்க" என்றார். அவர் கண்ணீர் என் தோளில் சூடாக விழுந்தது.

திறந்த கதவு என்றதும் எனக்கு நம் வாசல் ஞாபகம் வந்தது. வாசலில் ஆன்ட்டி. பறக்கும் பால் பாக்கெட். முதலில் என் வயிறு ஆடியது. அடக்கினேன். மேசை ஆடியது. அப்புறம் சத்தமாகவே வந்துவிட்டது. பிணம் சிரித்தது, வாலு. அந்த அம்மையார் பயந்து பின்வாங்கியதில் கருவித் தட்டு கவிழ்ந்தது.

உன் கடிதம் ஞாபகம் வந்துவிட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அறைக்குப் போய்விட்டார். அப்படி ஒரு அழுகை அவருக்கு மறுபடி வரவில்லை. இயக்குநர் என்னிடம் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "உயிரோட வர்ற சீனுக்கு ஒரு தெரிஞ்ச முகத்தைக் கூப்பிடலாம்னு சேனல்ல சொல்றாங்க. மேக்கப்ல வீங்கிக் கிடக்கிற முகம்தானே, மாத்தினா யாருக்குத் தெரியப்போகுது? நானும் சரின்னுட்டேன்" என்றார். கறுப்பு மை அண்ணனிடம், "இந்தப் பிணத்துக்குத் தபால் குடுக்காதீங்க" என்றும் சொல்லிவிட்டார்.

உன்மேல் தவறில்லை. ஆனால் கொஞ்ச நாளைக்கு எழுதாதே. இந்தக் காட்சி இல்லையென்றாலும் மீதி நாட்களுக்காவது நான் ஒழுங்காகச் சாக வேண்டும்.

அப்பா


பிப்ரவரி 17

அனுப்புநர்: இறந்தவரின் மகள்.
பெறுநர்: உயர்திரு ஏழாம் மேசை அவர்கள்.
பொருள்: சிரிக்க வைக்காமல் இருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்படி மகளாகிய நான் இனி நகைச்சுவை எதுவும் எழுத மாட்டேன் என்று இதன்மூலம் தாழ்மையுடன் உறுதி அளிக்கிறேன். இந்தக் கடிதத்தில் சிரிப்பு ஏதும் காணப்பட்டால் அது தற்செயலானது.

செய்திகள் பின்வருமாறு. கூரையில் பால் கறை போகவில்லை. அதன் வடிவம் பெரியப்பாவின் மூக்கை ஒத்திருக்கிறது என்று ஆன்ட்டி கருதுகிறார். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, யார் மூக்கு இது, அசிங்கமா இருக்கே என்றார். யாரும் சிரிக்கவில்லை ஐயா. நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

மேலும், மூன்றாம் எபிசோடில் சீட்டு தங்கள் வலது காலில் இருந்தது. நான்காம் எபிசோடில் இடது காலில் இருக்கிறது. தாங்கள் யாரும் பார்க்காத நேரத்தில் எழுந்து, குனிந்து, மாற்றிக் கட்டிக்கொண்டு மீண்டும் இறந்தீர்களா என்பதைத் தெரியப்படுத்தவும்.

தாளைத் திருப்பவும்.

அப்பா, இந்தப் பக்கத்தில் என்னால் மேற்படி போட்டு எழுத முடியவில்லை.

நான்காம் எபிசோடில்தான் துணியை விலக்கி முதன்முதலாக உங்கள் முகத்தைக் காட்டினார்கள். ஹாலில் வழக்கம்போல் கூட்டம். நான் கைதட்டத் தயாராக இருந்தேன். யாரும் தட்டவில்லை. நீலம் பாரித்த உதடு, ஈரத் தலைமுடி, நீங்கள். கேமரா உங்கள்மேல் அப்படியே நின்றது. நான் உங்கள் வயிற்றைப் பார்த்தேன். எங்கே மூச்சு விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும், எழுதியிருந்தீர்களே. அங்கேயும் ஒன்றும் அசையவில்லை.

அம்மா எழுந்தாள். "போதும், டிவியை ஆஃப் பண்ணு" என்றாள். யாரும் பண்ணாததால் அவளே பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளே போய் உங்கள் தயாரிப்பு நிறுவனத்துக்குப் போன் செய்தாள், அவர்கள் கொடுத்த எண்ணில் படப்பிடிப்பு நடக்கும் இடத்துக் கேட்டுக்கு. நான் கதவோரம் நின்று கேட்டேன். "அவர்கிட்டப் பேசணும்னு சொல்லலைங்க. இருக்காரான்னு மட்டும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க." அசையாச் சொத்து என்று பெயர் வைத்தவள், அப்பா, அவள். பதில் வரும்வரை போன் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் கேள்விக்குறி என்னிடம் வந்து, "உங்கப்பா நல்லா இருக்காருல்ல?" என்றாள். அவள் நிஜமாகவே கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவர்கள் வேறு முகத்தைப் போட்டுக்கொள்ளட்டும். பிளக்கைப் பிடுங்க வைத்த முகம் உங்களுடையது. ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது. அதுவும் ஐயா அவர்களின் கவனத்திற்கு.

வால்


மார்ச் 5

என் வாலுக்கு,

உன் மனு கிடைத்தது. உடனே இல்லை. கறுப்பு மை அண்ணன் இயக்குநர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தன் பையிலேயே வைத்திருந்தார்.

அம்மாவின் போன் வந்த நேரத்தில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நான் மேசையில், ஷாட்டுக்குத் தயாராக, கண்ணை மூடிக்கொண்டு. கேட்டில் இருக்கும் காவலாளியின் குரல் வாக்கிடாக்கியில் கேட்டது: "சார், ஏழாம் மேசை பாடி உயிரோட இருக்கான்னு அவங்க வீட்ல கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?" இயக்குநர் என் தலைமாட்டுக்கு வந்து, "நீங்களே சொல்லிடுங்க" என்றார். "இருக்கேன்" என்றேன். கண்ணைத் திறக்கவில்லை, மேக்கப் கலைந்துவிடும்.

பிறகு அவர் யாரிடமோ, "கூட வாழுற பொண்டாட்டியே நம்பிட்டாங்கய்யா. இந்த முகத்தை விட்டுட்டு வேற முகத்தை எங்க போய்த் தேடுறது?" என்றார். சேனல்காரர்களிடம் அவர் ▇▇▇▇▇▇▇▇. அதற்குப் பிறகு ▇▇▇▇▇▇▇▇▇▇▇▇.

ஆனால் வாலு, ஒரு சிக்கல் வந்தது. இரண்டு மாதமாகச் செத்துச் செத்து, முகத்துக்குச் சிரிக்க மறந்துவிட்டது. எத்தனை முறை முயன்றும் ▇▇▇▇▇▇. மேக்கப் பெண்மணி தாடையைப் பிடித்து நீவிவிட்டுப் பார்த்தார். அப்போது கறுப்பு மை அண்ணன் தன் பையிலிருந்து ▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇. இயக்குநர் ▇▇▇▇ என்றார். நான் ▇▇▇▇. பிறகு ▇▇▇▇▇▇▇▇.

அண்ணனைத் திட்டாதே. இந்தக் கடிதத்தில் அடித்த வரிகள் எல்லாம் நானே அடிக்கச் சொன்னவை.

டாக்டரம்மாவும் என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டார். பால் பாக்கெட் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "உங்க பொண்ணை ஒரு நாள் பாக்கணும் சார். ஒரு அழுகை பாக்கி இருக்கு" என்றார். சீட்டு கால் மாறியதைக் கண்டுபிடித்ததற்காக இப்படி எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் உன்மேல் கொலைவெறியில் இருக்கிறான்.

கடைசி எபிசோடை முதலில் எடுத்துவிட்டார்கள். நடுவில் இன்னும் கொஞ்சம் சாக வேண்டியது பாக்கி. முடிந்ததும் வருவேன். பத்தாவது எபிசோடு அன்று அம்மாவைப் பிளக்குக்குப் பக்கத்தில் உட்கார விடாதே.

எழுது. வண்டி வண்டியாக எழுது.

அப்பா


மார்ச் 30

அப்பா,

நேற்று ராத்திரி போன் கையில் கிடைத்ததும் கூப்பிட்டீர்கள். நான் "ம்" என்றேன், பிறகு இன்னொரு "ம்". இந்த வீட்டு வாயாடிக்கு வாய் அடைத்துப்போனது அதுதான் முதல் தடவை என்று அம்மா ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் எழுதுகிறேன். நாளைக்கு நீங்களே வந்துவிடுவீர்கள், ஆனாலும்.

ஹாலில் இடமில்லை, மாடிப்படி வரை ஆட்கள். ஆன்ட்டி, பெரியப்பா, கேள்விக்குறி, அவள் அம்மா. டாக்டரம்மா உங்கள் சட்டைப்பையில் கிடைத்த, மழையில் நனைந்து ஒட்டிப்போன காகிதத்தை இடுக்கியால் மெல்லப் பிரித்து விளக்கடியில் வைத்தாள். "மக எழுதின கடிதாசு. இதை நெஞ்சோட வெச்சுக்கிட்டுத்தான் போயிருக்காரு" என்றாள். அடுத்து பேருந்து நிறுத்தம். பெஞ்சில் நீங்கள். சிவப்பான உதடு, காய்ந்த தலைமுடி, நெஞ்சு நன்றாக ஏறி இறங்குகிறது. அம்மா என் கையைப் பிடித்தாள்.

நீங்கள் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தீர்கள். மூலையில் வால்.

யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் காதெல்லாம் சூடாகிவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்தே எந்த வரியில் இருக்கிறீர்கள் என்று என்னால் சொல்ல முடிந்தது, எழுதினவள் நானல்லவா. உதடு லேசாக இழுத்தபோது "உயர்திரு ஏழாம் மேசை". தோள் குலுங்கியபோது பெரியப்பாவின் மூக்கு. தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, பெஞ்சு ஆடச் சிரித்தீர்களே, அது எழுந்து குனிந்து சீட்டை மாற்றிக் கட்டிய இடம். மேடையில் கதவு திறந்துவிடுகிறவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு தாளைத் திருப்பினீர்கள். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் நிறைந்தது. உள்ளங்கையால் துடைத்துக்கொண்டு, தாளை மடித்து, பையில் வைத்து, அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினீர்கள். பேருந்து வந்தது. மழை ஆரம்பித்தது. ஏறவில்லை நீங்கள், திரும்பிக் கடைப்பக்கம் நடந்தீர்கள், மகளுக்கு ஏதோ வாங்க. அவ்வளவுதான்.

பெரியப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என் தம்பிய்யா அவன்" என்றார், படியில் நின்ற யாரோ தெரியாத ஆளிடம். பெயர்கள் ஓடும்போது "ஏழாம் மேசை" என்பதற்கு எதிரே உங்கள் பெயர், தாத்தாவின் முதலெழுத்தோடு, முழுசாக. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆன்ட்டி மூட்டு வலியோடு நாற்காலிமேல் ஏறியே தட்டினார். அம்மா தட்டவில்லை. டிவிக்குப் பக்கத்தில் போய், அணைந்த திரையில் உங்கள் முகம் இருந்த இடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "தூசி" என்றாள்.

கேள்விக்குறி என்னிடம், "அந்தக் கடிதாசுல நிஜமாவே என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள். நான் மூச்சு விடவில்லை. உங்கள் பெண் அல்லவா.

அப்பா, நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇. கறுப்பு மை அண்ணன் பாவம், இதை அவர் அடிக்கவில்லை.

இதைத் தபாலில் போடப் போவதில்லை. கடைக்குப் போட்டுக்கொண்டு போவீர்களே நீலச் சட்டை, அதன் பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டுகிறேன். திங்கட்கிழமை கண்டுபிடியுங்கள்.

மழை வருகிற மாதிரி இருந்தால் அன்றைக்குக் கடைக்குப் போக வேண்டாம். எனக்கு ஒன்றும் வாங்கவும் வேண்டாம். நேராக வீட்டுக்கு வாருங்கள்.

வால்